தாம்பூலத்துக்கு முன் ஓர் ஊசி

பேரிகை,
ஞாயிற்றுக்கிழமை.

அக்காவாகவும் மாமியாராகவும் இருந்து என்னை இரட்டிப்பாக அதட்டும் உரிமையுள்ள மங்கம்மா அக்காவுக்கு, தம்பி சென்னகிருஷ்ணன் நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகள் சரிதாவும் பேத்தி பிரியாவும் சௌக்கியம். கல்லாவியில் நீங்களும் உங்கள் மகன் விஜயகுமாரும் அப்படியே இருக்க வேண்டும். போன் செய்தால் நீங்களே பேசிவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

என் கண் சமாச்சாரம் தெரியும்தானே. பொழுது சாய்ந்தால் ஒன்றும் புலப்படுவதில்லை. போன வாரம் ரோட்டோரம் அடுக்கியிருந்த கோஸ் மூட்டையிடம் நின்று வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்திருக்கிறேன். சரிதா அன்றைக்கே முடிவு பண்ணி என்னைப் பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். விழித்திரை நோய், பரம்பரையாக வருவது, இப்போதைக்கு மருந்தில்லை, ஆராய்ச்சி நடக்கிறது என்றார் டாக்டர். அந்த ஆராய்ச்சியில் இருக்கும் சுவேதா என்ற பெண் நம் வம்சத்தைப் படம் போட உட்கார்ந்தாள், ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மனைவி யார் என்றாள், அக்கா மகள் என்றேன். மாமியார் யார் என்றாள், அதே அக்காதான் என்றேன். அப்பா அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்றதும், பார்ப்பதென்ன, தாய்மாமன் விஜயகுமார் இருக்கிறானே என்று மார்தட்டினேன். அந்தப் பெண் பென்சிலை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். தாள் இடியாப்பத் தட்டு மாதிரி ஆகிவிட்டது.

"சார், இப்படி ஒரு ஃபேமிலி கிடைக்கறதே அபூர்வம். எல்லார் ரத்தமும் வேணும்" என்றாள். அக்கா, நம் குடும்பத்தை யாராவது இதுவரை அப்படிப் புகழ்ந்திருக்கிறார்களா! கோளாறு எங்கே என்று பிடித்துவிட்டால் பின்னால் மருந்துக்கே வழியாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தபந்தம் அத்தனையும் ஒரே இடத்தில் எங்கே சேரும்? அதான் நம்ம பிரியா நிச்சயதார்த்தம் இருக்கே! மண்டபத்திலேயே மேசை போடச் சொல்லிவிட்டேன். முதலில் கையை நீட்டணும், அப்புறம்தான் தாம்பூலம், பந்தி எல்லாம். திருமலை சித்தப்பா ஊசிக்குப் பயந்து, நமக்கும் அவருக்கும் சொந்தமே இல்லை என்கிறார். பாகப்பிரிவினைக்கு வந்தாரே, அன்றைக்கு இருந்த சொந்தம் எங்கே போச்சு என்று நீங்களே கேளுங்கள்.

குலதெய்வம் துணையிருந்து பிரியாவும் விஜயகுமாரும் நூறாண்டு வாழ உங்கள் ஆசி வேண்டும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி,
சென்னகிருஷ்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பிரியா வந்து உட்கார்ந்தாள். சுவேதாவிடம் தனியாகப் பேசியிருக்கிறாள். என் கோளாறில் ஒரு பங்கு அவளிடம் கட்டாயம் இருக்குமாம், விஜயகுமாரிடமும் இருந்தால் பிள்ளைகளுக்கு என் கண் வரலாமாம். அவனுக்கு இல்லையென்று வந்துவிட்டால் என்றேன். "அப்பவும் வேணாம்ப்பா. என்னைத் தூக்கி வளர்த்தவரு. மாமாவாவே இருக்கட்டும்" என்றாள். அவள் சொல்வதுதான் சரி அக்கா. ஆகவே நிச்சயதார்த்தம் கிடையாது. ரத்தம் கொடுக்க மட்டும் எல்லோரும் வந்துவிடுங்கள், சாப்பாடு உண்டு. விஜயகுமாருக்கு வெளியில் பெண் பார்ப்போம், நானும் கூட வருகிறேன். பகல் நேரமாக வையுங்கள்.