குரல் வைக்க ஒரு டிரைவ்

"வேகமானது வேணுமா, நெடுநாள் உழைக்கிறது வேணுமா? ரெண்டையும் ஒண்ணுலயே கேக்காதீங்கண்ணே" என்றான் றம்ஸி.

மாத்தளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் றம்ஸிக்கு அன்று பொறுமை இருந்தது. எதிரே நின்ற மோகனராஜுக்குத்தான் இல்லை. இரத்தோட்டையில் மிளகு ஸ்டோர் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பழைய லேப்டாப்புக்குப் புது டிரைவ் மாட்ட, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

மனைவி கமலாட்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. அந்த வீட்டில் போன் பேச விடமாட்டார்கள். அதனால் தினமும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுவாள். மோகனராஜ் ஒன்றைக்கூட அழித்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் தவறாமல் கட்டைவிரல் படம் போட்டுவிட்டு, லேப்டாப்பில் சேர்த்து வைப்பார். சாயங்காலம் அந்தக் குரலைக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

நாலு நிமிஷம் பேசிய குரல் இப்போது நாற்பது விநாடியில் நின்றுபோகிறது. ஹார்ட் டிஸ்க்தான் கடித்துத் தின்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. போனிலும் அப்படித்தானே இருக்கிறது என்று றம்ஸி கேட்டதற்கு, கேபிள் வழியாகத் தொற்றியிருக்கும் என்றார்.

வேகமான டிரைவை மாட்டிக்கொண்டு போனார். லேப்டாப் பறந்தது. ஆனால் கமலாட்சியின் அடுத்த குரல் இருபது விநாடிதான். டிரைவ் குரலை அவசரத்தில் எழுதினால் அரைகுறையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, சனிக்கிழமை திரும்பி வந்தார். மெதுவாக எழுதினாலும் பரவாயில்லை, உழைக்கிறதையே கொடு என்றார்.

றம்ஸி கொடுத்தான். எவ்வளவு எழுதினாலும் தாங்குமாம், பத்து வருஷ வாரன்டி.

மோகனராஜ் வீட்டில் அவர் தங்கை சுரேகா டிரைவ் பெட்டியில் வாரன்டியைப் பார்த்ததும் சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அண்ணி இன்னும் பத்து வருஷம் அங்கேயே கெடக்கட்டும்னு வாங்கிட்டு வந்தியா?"

மோகனராஜுக்குத் திக்கென்றது. அன்று வந்த குரல் மூன்றே விநாடி. 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டு நின்றுவிட்டது. அதைப் பதினொரு தடவை கேட்டார். கட்டைவிரல் போட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டால்கூடப் போதும் என்றிருந்தது. பத்து வருஷம் அவரால் தாங்க முடியாது.

திங்கட்கிழமை காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார்.

"ஆறு மாசத்துக்கு மேல உழைக்காததா ஒண்ணு குடு தம்பி."

சீக்கிரம் கெட்டுப்போகிற சாமான் வேண்டும் என்று இதுவரை எவரும் றம்ஸியிடம் கேட்டதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரல் எங்கே வெட்டுப்படுகிறது என்று அவர் போனையே பார்க்கச் சொல்லித் தன் தங்கை ஜஸ்லாவிடம் கொடுத்தான். கடையில் ரிப்பேர் பார்ப்பது அவள்தான்.

ஜஸ்லா வெகுநேரம் மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கும் போய்வந்தாள். மோகனராஜ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு குரலும் தொலைந்துபோயிருக்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

"ஒண்ணும் வெட்டுப்படலண்ணே. அக்கா பேசினது ஆயிரத்துக்கு மேல அப்படியே இருக்கு" என்றாள் ஜஸ்லா. "நீங்க பேசி அனுப்பினதுல ஒண்ணைக்கூடக் காணோமே?"