ஸ்கூட்டு மேஸ்திரி கவிழ்த்து வைத்த சீட்டு

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் ஸ்கூட்டு மேஸ்திரி மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளி கிடைத்திருக்க மாட்டான். ஐம்பதுகளில் நான் கணக்கு எழுதிய, தோல் பதனிடும் ஷாப்பில் அவர் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. சொந்தப் பேர் சம்பளத்தன்றுதான் எங்களுக்கே ஞாபகம் வரும்.

பட்டப்பேருக்குக் காரணம் ரம்மி. வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. ஆவாரம்பட்டை மூட்டை அடுக்கிய கொட்டகையில் நான், லாரி டிரைவர் கரீம் பாய், மேஸ்திரி மூன்று பேரும் காசு வைத்து ஆடுவோம். கை சரியில்லையென்றால் ஆரம்பத்திலேயே ‘ஸ்கூட்’ சொல்லிச் சீட்டைக் கவிழ்த்துவிடலாம், கொஞ்சத்தோடு போகும். இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்தால் போதும் என்று உட்கார்ந்து, அது வராமல் போனால் முழுசாக அழ வேண்டும். நாங்கள் உட்காருவோம். மேஸ்திரி எப்போது பார்த்தாலும் ஸ்கூட்.

“அந்த ஒரு சீட்டு வரும்னு உனுக்கு யாரு சொன்னது? கரீம் கையில சொருகினு இருந்தா இன்னா பண்ணுவ?” என்பார்.

சீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சவரம் செய்கிறவர் கத்தியும் கையுமாகத் தும்மினார் என்று ஒரு பக்கம் மட்டும் மழித்த கன்னத்தோடு எழுந்து வந்து, அப்படியே வேலை பார்த்த மனுஷன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாராக வரவேண்டியவர் திரும்பத் திரும்பச் சோறு வாங்கியதைப் பார்த்துவிட்டுக் கை கழுவின கையோடு பஸ் ஏறிவிட்டார். அப்புறம் கல்யாணமே நடக்கவில்லை. இப்பவே விட்டால் நஷ்டம் கம்மி என்று எங்களுக்கே ஆறுதல் சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பயத்தை யாரும் கிண்டல் செய்ததில்லை. கழிவுத் தொட்டியில் விஷக்காற்று தங்கியிருக்கும். இறங்கினவன் விழுந்தால் இன்னொருத்தன் இறங்கக் கூடாது என்று ஷாப்பு முழுக்கத் திட்டித் திட்டிச் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அதிசயமாக ஸ்கூட் சொல்லாமல் மீசையை நீவிக்கொண்டிருந்தார். ஆடுகிறாயா, விடுகிறாயா, பேஜார் பண்ணாதே என்று கரீம் பாய் அதட்டிக்கொண்டிருக்கும்போதே வாட்ச்மேன் ஓடி வந்தார். தொட்டியில் கழிவு அள்ள இறங்கிய மாதனூர் முனுசாமி விழுந்துவிட்டான், தூக்கப் போன அவன் தம்பியும் விழுந்துவிட்டான் என்றார். லீவு நாளில் அவர்களை இறக்கிவிட்டது யாரென்று கடைசிவரை ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மேஸ்திரி சீட்டைக் கவிழ்த்து மூட்டைமேல் வைத்தார். “வந்து சொல்றேன்” என்றார்.

தொட்டி ஓரத்தில் எல்லோரும் நின்றோம். யாரும் இறங்கவில்லை; அவர் சொல்லி வைத்த பாடம்தானே. உள்ளேயிருந்து தம்பிக்காரன் முனகுவது கேட்டது. மேஸ்திரி துண்டை நனைத்து மூக்கில் கட்டினார். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். கீழே போய்த் தன் கயிற்றை அவிழ்த்துத் தம்பிக்காரனுக்குக் கட்டினார். இழுத்துப் போட்டோம். அவனுக்கு உயிர் இருந்தது.

கயிற்றை மறுபடி விட்டோம். உன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறு, போதும் என்று கரீம் பாய் கெஞ்சினார்.

“இன்னும் ஒருத்தன் கீறான் கரீமு.”

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து சத்தமே இல்லை. இரண்டு பேரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள். முனுசாமி முதலிலேயே போய்விட்டிருந்தான் என்று டாக்டர் சொன்னார். எங்களுக்கெல்லாம் அத்தனை புத்தி சொன்ன மனுஷன் அந்த ஒருத்தனுக்காக உட்கார்ந்தாரே! இத்தனை வருஷமாகியும் அவர்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

எல்லாம் முடிந்து கொட்டகைக்குத் திரும்பினோம். மூட்டைமேல் அவர் சீட்டு கவிழ்த்தபடியே இருந்தது. அப்படி என்னதான் வைத்திருந்தார் என்று பார்க்கக் கை நீட்டினேன். கரீம் பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“தொடாத தோஸ்த். அவன் ஸ்கூட் சொல்லல.”

சீட்டின் முகம் பார்க்காமல் நூல் சுற்றி எடுத்து வந்தேன். இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது. நான் பிரிக்கவில்லை. வந்து சொல்கிறேன் என்றாரே, வந்து சொல்லட்டும்.