படுக்கைக்கு ஆள் தேவை

தலைமையகத்திலிருந்து போன் வந்தபோது, பெரிய டாக்டரம்மா வாளியை எங்கே வைப்பது என்று ஆஸ்பத்திரிக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று ஒழுகிய இடத்தில் இன்று ஒழுகவில்லை. ஓரடி தள்ளி ஒழுகியது.

மறுநாள் காலை கமிட்டி வருகிறதாம். பழைய ஆஸ்பத்திரிகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு நிதி ஒதுக்குகிற கமிட்டி. வந்து என்ன பார்ப்பார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். எதிர்முனையில் இருந்த கிளார்க் கொட்டாவியை முடித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"படுக்கையில ஆள் இருக்காங்களா இல்லையான்னு பாப்பாங்க மேடம். வேற என்ன இருக்கு அங்க பாக்க?"

டாக்டரம்மா வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். படுக்கைகளில் ஒரு ஈ காக்கை இல்லை.

புதுக் கட்டடம் வேண்டும் என்று அவர் கேட்கத் தொடங்கியபோது அவர் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. இப்போது கறுப்பு முடியைத் தேட வேண்டியிருந்தது. மாடி வார்டைப் பூட்டியாகிவிட்டது. போன மாதம் பிரசவ வார்டுக் கூரையிலிருந்து ஒரு காரைத் துண்டு பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்தது. பால் கொடுக்க அப்போதுதான் தாய் குழந்தையைத் தூக்கியிருந்தாள். அன்றிலிருந்து டாக்டரம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. மழை வலுத்ததும் இருந்த நோயாளிகளையெல்லாம் ஆம்புலன்ஸில் ஏற்றி, ஊரில் ஆங்காங்கே இருக்கும் சின்னச் சின்னச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்பிவிட்டார்.

நல்ல காரியம்தான். அதுவே இப்போது கழுத்தைப் பிடித்தது. வார்டு காலியாகக் கிடப்பதைப் பார்த்தால், நோயாளியே இல்லாத இடத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கமிட்டி கேட்டுவிட்டுப் போய்விடாதா?

அனுப்பினவர்களைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று தலைமை நர்ஸ் யோசனை சொன்னார். இருவரும் குடை பிடித்துக்கொண்டு பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கே கால் உடைந்த தபால்காரர் ஒருவர் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தார். ஒரு நாள் மட்டும் வந்து படுத்துவிட்டுப் போகும்படி டாக்டரம்மா கெஞ்சினார்.

"இங்க மல்லாந்து படுத்தா கூரை தெரியுது டாக்டர். அங்க வானம் தெரியுது. நான் வரல" என்றார் தபால்காரர்.

மற்றவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

போனதற்குப் பலன் இல்லாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டிப்போக வந்தார்கள் என்றால் ஆஸ்பத்திரியைச் சரிசெய்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம் என்று அந்த நிலையத்து நர்ஸ் முடிவு செய்துவிட்டார். மற்ற நிலையங்களுக்கும் போன் போட்டுச் சொன்னார். நாளையிலிருந்து வருகிறவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்பலாம் என்று நகரம் முழுக்கச் சேதி பரவியது. டாக்டரம்மாவுக்கு மட்டும் அது தெரியாது.

அவர் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். கணவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். எதையும் ஆதியோடந்தமாகத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

"எனக்கு என்ன வியாதி?"

"ஏதோ ஒண்ணு. வந்து படுத்தா போதும்."

"ஏதோ ஒண்ணுன்னா எப்படி முனகறது? வயித்து வலிக்கு ஒரு முனகல், முதுகு வலிக்கு ஒரு முனகல் இல்லையா?"

மாமியார் இந்தச் சிக்கலெல்லாம் வைக்கவில்லை. மருமகள் டாக்டராகி இத்தனை வருஷத்தில் தன் முழங்காலை ஒரு தடவையாவது நின்று பார்த்ததுண்டா என்ற குறை அவருக்கு இருந்தது. படுக்கை என்றதும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். தலைமை நர்ஸ் ஊழியர்களின் வீட்டு ஆட்களைத் திரட்டினார். ஏமாற்று வேலை செய்கிறோமே என்று டாக்டரம்மாவுக்கு உறுத்தாமல் இல்லை. கண்ணை மூடினால் அந்தத் தொட்டில் வந்து நின்றது. உறுத்தலை ஒதுக்கி வைத்தார்.

காலையில் வார்டு நிரம்பிவிட்டது. சொட்டாத இடமாகப் பார்த்துக் கட்டில்களை நகர்த்திப் போட்டு, டாக்டரம்மா கொஞ்சம் மூச்சு விட்டார்.

அப்போதுதான் சின்ன டாக்டர் வந்து சேர்ந்தார். லீவு முடிந்து அன்றுதான் திரும்பியவர்; விவரம் எதுவும் தெரியாது. கடமையில் புலி. நோயாளிகளைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். டாக்டரம்மா வந்து பார்க்கும்போது கணவரின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மாமியார் முழங்காலில் தொடங்கி, கல்யாணமான நாளிலிருந்து பட்ட உபாதைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்க, சின்ன டாக்டர் பயபக்தியோடு எழுதிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அவரைத் தனியே இழுத்துப் போய் உண்மையைச் சொன்னார்.

"மத்தவங்க நடிக்கிறாங்கன்னா சரி மேடம். உங்க வீட்டுக்காரருக்கு நிஜமாவே பிரஷர் எக்கச்சக்கமா இருக்கு. எழுந்திருக்கக் கூடாது."

கணவருக்கும் அது காதில் விழுந்துவிட்டது. அதுவரை ரகம் ரகமாக முனகிக்கொண்டிருந்தவர் சத்தமே இல்லாமல் கூரையைப் பார்த்தார். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தினமும் ஒரே வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனின் பிரஷரைத் தான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. வெளியே சலசலப்புக் கேட்டது.

சுகாதார நிலையங்கள் அனுப்பிவைத்த கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. காய்ச்சல்காரர்கள், கட்டுப் போட்டவர்கள், இருமிக்கொண்டே குடையைச் சுருக்குகிறவர்கள். எல்லாம் அசல் நோயாளிகள். நடுவில் நிறைமாதப் பெண் ஒருத்தி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலி கண்டுவிட்டது. அவளைப் படுக்க வைக்க ஒரு படுக்கை இல்லை.

மாமியாரை எழுப்பும்படி நர்ஸிடம் சொன்னார் டாக்டரம்மா. போன வேகத்தில் நர்ஸ் திரும்பி வந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறவரைக்கும் அசையக் கூடாது என்று சின்ன டாக்டர் சொல்லியிருக்கிறாராம். டாக்டர் பேச்சைத் தட்டமாட்டாராம்.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டியின் வேன் உள்ளே திரும்பியது.

டாக்டரம்மா கமிட்டியையும் பார்க்கவில்லை, கட்டடத்தையும் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், மேஜை மேல் கிடந்ததையெல்லாம் ஒரே தள்ளாகத் தரையில் தள்ளிவிட்டுப் போர்வையை விரித்துப் படுக்க வைத்தார். மூலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காகாரி தங்கையின் முகத்துக்கு நேரே குடையைப் பிடித்துக்கொண்டாள்.

கமிட்டியைத் தலைமை நர்ஸ்தான் சுற்றிக் காட்டினார். தலைவர் வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நின்று விசாரித்தார். எப்படி இருக்கிறது என்று சரித்திர ஆசிரியரிடம் கேட்டார். பயமாக இருக்கிறது என்று அவர் உள்ளதைச் சொன்னார். தாழ்வாரத்தில் கால் வைக்க இடம் இல்லாமல், ஆட்களைத் தாண்டித் தாண்டி டாக்டரம்மாவின் அறைக்கு வந்து சேர்ந்தார் தலைவர். அப்போது உள்ளே குழந்தை வீறிட்டது. பெண் குழந்தை. நல்ல குரல்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு பேரா? இவங்களையெல்லாம் எங்கம்மா கொண்டு போறது?" என்றார். தாழ்வாரத்துக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க பண்றது பெரிய சேவை. இதுல குறுக்க வர எங்களுக்கு மனசே வரலம்மா."

டாக்டரம்மா ஈரக் கையோடு கும்பிட்டார். குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, தாயை ஒருமுறை பார்த்துவிட்டு, கமிட்டியை வழியனுப்ப வாசலுக்கு ஓடி வந்தார். மழை விட்டிருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இந்தக் கூரையின் கீழ் இனி ஒரு தொட்டிலும் வேண்டியதில்லை. இதுதான் கடைசி மழைக்காலம்.

கமிட்டிக்காரர்கள் தாழ்வாரத்தில் நின்று தங்களுக்குள் ஏதோ பேசி முடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு காதில் விழும் தூரத்தில் வேன் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கமிட்டியை ஊர் ஊராகக் கூட்டிப்போகிறவர், எல்லாம் தெரிந்திருக்கும். டாக்டரம்மா ஆவலை அடக்க முடியாமல் அவர் பக்கத்தில் போய், புதுக் கட்டடத்துக்கு உத்தரவு எப்போது வரும் என்று மெதுவாகக் கேட்டார்.

டிரைவர் துணியைப் பிழிந்து உதறிவிட்டு, கொஞ்சம் பரிதாபமாக அவரைப் பார்த்தார்.

"உத்தரவெல்லாம் போன மாசமே கையெழுத்தாயிடுச்சும்மா. வார்டு காலியா இருந்தா நாளைக்கே இடிக்க ஆரம்பிச்சிடலாம்னுதான் பாக்க வந்தாங்க. இத்தனை பேர் படுத்திருக்காங்களேன்னு இப்பதான் அதைப் பக்கத்து ஊருக்கு மாத்திட்டாங்க."