முகப்பில் ஒரு தாழ்ப்பாள்

இனிமேல் அந்த இணையதளத்தில் ஓர் எழுத்துகூட எழுதப்போவதில்லை என்று பூட்டுக்காரர் சபதம் செய்தபோது காலை மணி ஐந்து முப்பது. ஐந்து முப்பத்தைந்துக்கு எழுத உட்கார்ந்துவிட்டார். சபதம் செய்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

நாலு பேர் என்பதுதான் இப்போது சிக்கல். அவருக்கு மிஞ்சியிருந்தது மூன்று பேர்.

இருநூறு வீடுகள் உள்ள அந்தக் குடியிருப்புக்கு ஓர் இணையதளம் உண்டு. லிஃப்ட் ஓடுகிறதா, தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி என்றைக்கு என்பதெல்லாம் அதில்தான் வரும். எழுத ஆசைப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு வலைப்பூவும் அதிலேயே இடம் கொடுத்திருந்தார்கள். பூட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டவில்லை. ஆனால் மனசுக்குள் ஐம்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். "சாவித் துவாரம்" என்று தன் வலைப்பூவுக்குப் பெயர் வைத்து, தனக்கு யார் யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதைத் தினம் ஒரு பதிவாக எழுதிவந்தார். "என் காலை வாரியவர்கள்" மட்டும் நாற்பத்து மூன்று பாகம் வந்திருந்தது. இன்னும் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பழைய தளத்தில் ஒரு வசதி இருந்தது. கடைசியாக யார் எழுதினார்களோ அவர்களுடைய பதிவு முழுசாக முகப்பின் உச்சியில் நிற்கும். தண்ணீர் வரும் நேரம் அதற்குக் கீழே. நேரம் பார்க்க வந்தவன் பதிவு முழுவதையும் விரலால் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். தள்ளினால் போதும், படித்ததாகக் கணக்கு. மற்றவர்கள் தோன்றினபோது எழுதினார்கள். பூட்டுக்காரர் மட்டும் தினமும் ஆறு மணித் தண்ணீர்க் கூட்டத்துக்கு முன்னால் பதிவைப் போட்டுவிடுவார். நூற்று நாற்பது வாசகர், நூற்று ஐம்பது வாசகர். தண்ணீர் தாமதமாகும் நாளில் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று தடவை வந்து பார்ப்பார்கள், முந்நூறைத் தாண்டும். அந்த நாட்களில் தன் நடை இன்னும் கூர்மையாக இருந்ததாகப் பூட்டுக்காரர் மனப்பூர்வமாக நம்பினார்.

போன மாதம் தளத்தைப் புதுப்பித்தார்கள். தண்ணீர் நேரம் ஒரு பெரிய நீலப் பொத்தானாக மேலே ஏறிக்கொண்டது. அதன் கீழே படத்தோடு உள்ள பதிவுகள் மட்டும். சாவித் துவாரத்தைக் காணோம். அன்று படித்தவர்கள் மூன்று பேர்.

சங்கச் செயலாளருக்கு உடனே போன் போட்டார்.

"சார், என் பக்கத்தை எங்க சார் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒளிக்கலைங்க. மேல ஓரத்துல மூணு கோடு இருக்கு பாருங்க. அதை அமுக்கினா ஒரு பட்டியல் வரும். அதுல கடைசியா 'மற்றவை'ன்னு இருக்கும். அதுக்குள்ள போனா நீங்க இருப்பீங்க."

"கொல்லைப்பக்கம் குடி வெச்சிட்டு விலாசம் சொல்றீங்க."

"படம் இருந்தாத்தான் முகப்புக்கு வரும்ங்க. நிறைய பேர் திறக்கறது தானா மேல ஏறும். யாரும் கை வெக்கறதில்லை. கம்ப்யூட்டரே பண்ணுது."

"முதல் இடத்துல தையல்காரர் இருக்காரே, அதுவும் கம்ப்யூட்டர்தானா? கம்ப்யூட்டருக்கு ஏதாவது சட்டை தெச்சுக் குடுத்தாரா?"

செயலாளர் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் பெயரையும் பூட்டுக்காரர் குறித்து வைத்துக்கொண்டார். பாகம் நாற்பத்து நாலு.

வேறு யார் முதல் இடத்தில் இருந்தாலும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தையல்காரரை மட்டும் முடியாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் மைத்துனன் கல்யாணத்துக்கு அவரிடம் ஒரு பேண்ட் தைக்கக் கொடுத்தார். கணுக்காலுக்கு மேல் இரண்டு அங்குலம் ஏறி நின்றது. கல்யாணப் படம் அத்தனையிலும் பூட்டுக்காரர் வெள்ளத்தில் நடந்து வந்தவர் மாதிரியே இருக்கிறார். அந்தப் பேண்ட்டை இன்னும் பீரோவில் மடித்து வைத்திருக்கிறார். மனைவி தூக்கிப்போடச் சொன்னால், "அது சாட்சி" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் "ஊசிக்காது" என்று ஒரு வலைப்பூ நடத்துகிறார். பட்டன் தைப்பது எப்படி. ஜிப் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது. நாலு வரி, நாலு படம். நானூற்றுப் பன்னிரண்டு வாசகர்! பூட்டுக்காரருக்கு வயிற்றில் அடுப்பு வைக்காமலே பால் பொங்கியது.

இதைவிடப் பெரிய அடி சனிக்கிழமை காலையில் விழுந்தது. மனைவி சமையலறை வாசலில் சாய்ந்து, போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன படிக்கிறே?"

"சும்மா."

"சும்மாவுக்கு எவ்வளவு படம் இருக்கு அதுல?"

"ஊசிக்காதுங்க. துவைச்சா சுருங்காம இருக்க என்ன பண்ணணும்னு எழுதியிருக்காரு. மனுஷன் என்னமா விளக்கறாரு!"

"அந்த வித்தையைப் பதினொரு வருஷம் முன்னாடி தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம்." பூட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சரி, எனக்கு மிஞ்சின மூணு பேருல ஒருத்தி நீதானே?"

"நான் எதுக்குங்க படிக்கணும்? எழுதறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் என்கிட்டதான் ரெண்டு தடவை சத்தமா சொல்லிடறீங்களே."

மூன்றில் ஒன்று அவருடைய போன். இன்னொன்று கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். மூன்றாவது மனைவி என்று நினைத்துத்தான் இத்தனை நாள் தெம்பாக இருந்தார். கட்டின மனைவி எதிரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சிரிக்கிறாள். பேண்ட் போனது போகட்டும், இது அதற்கும் மேல்.

"அவர் எழுதறதுல அப்படி என்னதான் இருக்கு?"

"உபயோகம் இருக்கு," என்றாள் மனைவி. சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

குளியலறையில் பாட்டுக் கேட்டது. அவளுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்பதற்காக அல்ல. குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் பாதி பூட்டுகளுக்கு வைத்தியம் பார்த்தவருக்குத் தன் வீட்டுக் கதவுக்கு நேரம் வாய்க்கவில்லை. கேட்டால், "நாளைக்கு" என்பார். உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக அவள் பாடுவாள். கதவு திறக்காமல் இருப்பதற்காக, கைப்பிடி உடைந்து மஞ்சள் கயிறு கட்டிய நீல வாளி ஒன்றைத் தண்ணீரோடு முட்டுக் கொடுத்திருப்பாள். இரண்டு வருஷத்தில் குரல் நன்றாகத் தேறியிருந்தது.

திங்கட்கிழமை காலை பூட்டுக்காரர் பல் துலக்குவதற்கு முன்பே தளத்தைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். முதல் இடத்தில் ஊசிக்காது. தலைப்பு: "கழன்ற தாழ்ப்பாளை நீங்களே மாட்டலாம்."

"ஏய்! இங்க வா! இவன் அநியாயத்தைப் பாரு!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

"தாழ்ப்பாள்! என் தொழில்! நான் போய் இவன் கடையில உட்கார்ந்து ரவிக்கை வெட்டினேனா? என்ன எழுதியிருக்கான் கேளு. 'ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துபோனால் கெட்டியான பருத்தி நூலை ஸ்க்ரூவில் ஏழு சுற்றுச் சுற்றி முறுக்கவும்.' நூலாம்! கதவுக்குத் தையல் போடறான்!"

"நானூத்தி எண்பது பேர் படிச்சிருக்காங்களே."

"எண்ணிக்கையை நீ படிக்காதே!"

கூடவே ஒரு படம் இருந்தது. ஓட்டைகள் வாயைப் பிளந்த ஒரு கதவு, தொங்கும் தாழ்ப்பாள், கீழே கயிறு கட்டிய ஒரு வாளியின் விளிம்பு. பூட்டுக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கதவைப் பார்த்தார். தொழில்காரன் கண். அவருக்கு ஓட்டைதான் தெரிந்தது.

"எந்த வீட்டுக் கதவோ இது. பாரு, சின்ன ஸ்க்ரூ போட்டு மரத்தைத் தின்ன வெச்சிருக்கான். வாளியை முட்டுக் குடுத்துக் காலம் தள்றான் போலிருக்கு. இந்த வீட்டு ஆம்பளைக்கு வெட்கம் கிடையாதா?"

"அதானேங்க," என்றாள் மனைவி. "அதை அப்படியே கீழ எழுதுங்களேன். கருத்து எழுத இடம் இருக்கே."

பூட்டுக்காரருக்குத் தோளில் யாரோ கை வைத்தது போல் இருந்தது. மனைவி தன் கட்சிக்குத் திரும்பிவிட்டாள். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். மனைவி பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தாள்.

"'கதவை இந்த நிலையில் விட்ட வீட்டுக்காரனுக்கு வெட்கம் இல்லையா?' போட்டாச்சு. அப்புறம்?"

"'நாலு ஸ்க்ரூ போட வக்கில்லையா?'ன்னு கேளுங்க."

"சபாஷ்."

"'வீட்டுப் பொம்பளை எத்தனை நாள் கெஞ்சியிருப்பாள்?'னு ஒரு வரி."

"உனக்கு எழுத்து வருது தெரியுமா!"

"'இவனெல்லாம் ஒரு குடும்பத் தலைவனா?'ன்னு முடிச்சிடுங்க. நல்லா இருக்கும்."

முடித்தார். பெயரும் போட்டார். அரை மணி நேரத்தில் அந்தக் கருத்தை எண்பத்தாறு பேர் கைதட்டி விரும்பியிருந்தார்கள். சாவித் துவாரத்தில் நாற்பத்து மூன்று பாகம் எழுதியும் ஒருத்தர் விரும்பினதில்லை. பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜனங்களுக்கு நியாயம் எதுன்னு தெரியுது. நானே எழுதப்போறேன். முறையா. படத்தோட. நூல் கண்டை வெச்சுக்கிட்டு இவன் எங்க, நான் எங்கன்னு பார்த்துடலாம்."

"எழுதுங்க. ஆனா படத்துக்குக் கழன்ற தாழ்ப்பாள் வேணுமே? எங்க போவீங்க?" என்றாள் மனைவி, சேலை முந்தானையைச் சரி செய்தபடி.

பூட்டுக்காரர் யோசித்தார். கடை வாடிக்கையாளர் வீட்டில் போய்ப் படம் எடுக்க முடியாது. பக்கத்து வீட்டில் கேட்டால் கௌரவக் குறைச்சல். கடைசியில் அவருக்கே பளிச்சென்று வந்தது.

"நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கே!"

"அட, ஆமாம்!" என்றாள் மனைவி.

அன்று கடை திறக்கவில்லை. மரக்குச்சி சீவிப் பசையில் தோய்த்துப் பழைய ஓட்டைகளை அடைத்தார். ஒரு படம். காய்ந்ததும் மட்டமாக அறுத்தார். ஒரு படம். சின்ன டிரில்லால் துளை போட்டு, நீள ஸ்க்ரூ முறுக்கி, பித்தளைத் தாழ்ப்பாளை எண்ணெய் விட்டு ஏற்றினார். மனைவி வெளிச்சம் பிடித்தாள், வாளியை நகர்த்திக் கொடுத்தாள், டீ கொடுத்தாள். கல்யாணமான புதுசில்கூட அவள் இப்படி அவர் வேலையை ஆசையாகப் பார்த்ததில்லை. மொத்தம் எட்டுப் படம். எழுத்து பத்தே வரி. யாரையும் திட்டவில்லை, கடைசி வரியில் நூலைத் தவிர.

செவ்வாய் காலை ஐந்து முப்பத்தைந்துக்குப் பதிவு ஏறியது. எட்டு மணிக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். சாவித் துவாரம் முகப்பின் உச்சியில். ஊசிக்காது அதன் காலடியில்.

"பாரு! முதல் இடம்! அவனைத் தூக்கி அடிச்சிட்டேன்!"

"தெரியுமே. நான் முதல் ஆளா படிச்சிட்டேன்," என்றாள் மனைவி. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் பேண்ட்டைக்கூட மன்னித்துவிடுவார் போலிருந்தது. அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். உள்ளே 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது. நல்ல கனமான சத்தம். பாட்டு வரவில்லை.

பூட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்து கருத்துகளைப் படித்தார். கீழ்வீட்டு டீச்சரம்மா எழுதியிருந்தார்: "ஒருவழியாக அந்த வீட்டுக்காரருக்கு வெட்கம் வந்துவிட்டது. வாழ்த்துகள் அண்ணா!"

எந்த வீட்டுக்காரர்? பூட்டுக்காரருக்குப் புரியவில்லை.

அடுத்தது செயலாளர்: "அதே வாளி! அதே மஞ்சள் கயிறு!"

அதற்கும் கீழே தையல்காரர்: "நம் நூலுக்கு வேலை வைக்காமல் முடித்துவிட்டீர்கள். படம் எடுத்து அனுப்பிய அண்ணிக்கு நன்றி. சாவித் துவாரத்தை நான் ஒரு நாள்கூட விடாமல் படிக்கிறேன். பேண்ட்டைக் கொண்டு வாருங்கள், பிரித்து இறக்கித் தருகிறேன்."

மூன்றாவது வாசகர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. பூட்டுக்காரர் ஊசிக்காதின் படத்தைத் திறந்தார். தன் முதல் படத்தையும் திறந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டினார்.

"ஏய்! கதவைத் திற!"

"முடியாதுங்க. தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"அந்தப் படம் நம்ம வீட்டுக் கதவா?"

"ரெண்டு வருஷமா அந்தக் கதவைத்தானே காட்டினேன். அப்ப நீங்க பார்க்கல."

"அப்போ என்னையே... என் கையாலயே..."

"எழுத்து வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பூட்டுக்காரர் கதவைத் தள்ளிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. தன் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது அவருக்கே எரிச்சலாக இருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் சாவதானமாக வந்தது.

"ஏங்க, சும்மாதானே நிக்கறீங்க? சமையலறைக் குழாய் ஆறு மாசமா சொட்டுது. தையல்காரர் அடுத்த வாரம் அதைப் பத்தி எழுதப்போறாராம். நூலைச் சுத்தித்தான்."

பூட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். முதல் படம் எடுப்பதற்கு முன்னால், சொட்டுக்காக ஆறு மாதமாக வைத்திருந்த பாத்திரத்தை மட்டும் படத்தில் விழாதபடி நகர்த்தி வைத்தார்.