ஐயாவுக்காகக் காத்திருந்த பாட்டு

ஊழியர்களின் சுறுசுறுப்பை மேம்படுத்தும் பொருட்டு, சான்றிதழ் அலுவலகத்தின் கூடத்தில் போன வருடம் ஒரு தாள விளையாட்டு இயந்திரம் நிறுவப்பட்டது. பாட்டு ஓடும், திரையில் வண்ணப் புள்ளிகள் இறங்கும், புள்ளி கோட்டைத் தொடும்போது பொத்தானைத் தட்ட வேண்டும். அந்த விளையாட்டின் முதல் பாகத்துக்குத் தங்கமான மனசு. முந்தித் தட்டினாலும் பிந்தித் தட்டினாலும் 'அபாரம்' என்றது. என் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தித் தரச் சொல்லி நான் வரிசையில் நின்றதும் அதே கூடத்தில்தான்.

இந்த வருடம் இரண்டாம் பாகம் வந்தது, என் வரிசை இன்னும் நகரவில்லை. எது மேல் என்று ஒப்பிட்டு அறிக்கை தருமாறு எழுத்தர் அம்மாவுக்கு உத்தரவு. பாவம், அவருக்கு வேறு கவலை. கணவரும் சின்ன மகளும் எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறார்கள். இடமாற்றம் கேட்ட விண்ணப்பம் ஒன்றரை வருடமாக இயக்குநரின் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. இயக்குநரை எல்லோரும் 'ஆகட்டும் ஐயா' என்பார்கள். எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அதுதான்.

எழுத்தர் அம்மா இரண்டையும் ஆடிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதினார். இரண்டாம் பாகத்தில் பாட்டுகள் அதிகம், படம் தெளிவு, பிந்தினால் பிந்தியதாகவே சொல்கிறது. ஆகவே இதுவே மேல்.

ஐயா நேரில் சோதிக்க வந்தார். தட்டினார். 'தாமதம்' என்று திரை நிறைய எழுத்து வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் 'தாமதம்'. வரிசையில் நின்ற நாங்கள் எங்களை அறியாமல் கைதட்டிவிட்டோம். அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இது யாரைச் சொல்லுது?" என்றார் ஐயா.

"பொத்தானைச் சொல்லுதுங்க ஐயா," என்றார் எழுத்தர் அம்மா.

மூவர் குழு கூடியது. ஐயா பிந்தவில்லை, பாட்டுதான் முந்துகிறது என்று தீர விசாரித்துக் கண்டறிந்தது. பழுது பார்ப்பவர் வரவழைக்கப்பட்டார். தட்டும் நேரத்தைத் தள்ளி வைக்க உள்ளே ஒரு வசதி உண்டு, பொதுவாக இம்மியளவுதான் தள்ளுவோம் என்றார். ஐயாவின் கைக்கு அளவெடுத்ததில் நாலு விநாடி தள்ள வேண்டியிருந்தது.

இப்போது ஐயாவுக்கு 'அபாரம்' வந்தது. எழுத்தர் அம்மா வழக்கம்போல் கோட்டிலேயே தட்டினார். 'அவசரம்' என்றது திரை.

"உங்க விண்ணப்பத்துலயும் இதேதாம்மா பிரச்சினை," என்றார் ஐயா, உண்மையான வருத்தத்தோடு.

அறிக்கை திருத்தப்பட்டது: இரண்டாம் பாகம் மேல், ஐயாவின் வழிகாட்டுதலால் மேலும் மேல். பிறகு எழுத்தர் அம்மா, புள்ளி தாண்டிப் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று தட்டப் பழகினார். ஒரு வாரம் பிடித்தது. 'அபாரம்' வந்த அன்றே இடமாற்ற ஆணையும் வந்தது. அம்மா நல்லா தாளம் போடக் கத்துக்கிட்டாங்க என்றார் காவலாளி. ஆணையை வாங்கியபோது அம்மாவின் கண் கலங்கியது. மகளை நினைத்து என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

போகும்போது எங்களைப் பார்த்தார். "நீங்களும் தட்டிப் பாருங்க. சுலபமா வராது, எனக்கே ஒரு வாரம் ஆச்சு."

ஒவ்வொருவராகப் போனோம். புள்ளி கோட்டைத் தொட்டது. தட்டலாமா என்று யோசித்தோம், யாராவது கூப்பிடுவார்களா என்று அங்குமிங்கும் பார்த்தோம், அப்புறம்தான் தட்டினோம்.

முதல் தடவையிலேயே எல்லோருக்கும் 'அபாரம்'. சந்தோஷமாகக் கைதட்டிவிட்டு, வரிசையில் அவரவர் இடத்தில் போய் நின்றுகொண்டோம்.