அடைக்கோழியும் ஒரு பச்சை முட்டையும்

கரண்ட் போனால் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷன், எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டிலேயே எங்கள் அடைக்கோழிதான்.

எண்பதுகளில் பொன்னேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ், அவர் லேப்காரர். நிஜப் பேர் அவருக்கே மறந்திருக்கும். கரண்ட் போய், குழாய்களைச் சூடாக வைக்கிற இன்குபேட்டர் பெட்டி நின்றால், சோதனைக் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். "உடம்புச் சூடு இருக்கறப்போ கரண்ட் எதுக்கு சிஸ்டர்?" என்பார். குழாய்க்குள் முட்டை வெள்ளைக்கரு வேறு. பிறகு என்ன பேர் வைப்பார்கள்?

ஒருமுறை சுண்ணாம்புக்குளத்து மீனவர் ஒருத்தருக்குக் குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல் விடவே இல்லை. போடாத ஊசி இல்லை. ரத்தத்திலிருந்த கிருமியை லேபில் வளரவிட்டுப் பார்த்தால், ஈஸ்ட். ரொட்டியை உப்பவைக்குமே, அந்த வகையறா.

"எந்த ஈஸ்ட்னு தெரியாம மருந்து ஏத்தமாட்டேன், கிட்னி போயிடும்" என்றார் டாக்டர். மெட்ராசுக்கு அனுப்பினால் பதில் வர நாளாகும். அதுவரை அந்த மனுஷன் தாங்கமாட்டார்.

அடைக்கோழியிடம் வழி இருந்தது. அந்த ஈஸ்டை வெள்ளைக்கருவில் கலந்து உடம்புச் சூட்டில் வைத்தால், பொல்லாத வகையாக இருந்தால் ரெண்டு மூணு மணி நேரத்தில் பச்சைப்பயறு மாதிரி முளைவிடும்.

"யம்மா, ஒரு முட்டை கொண்டாங்க" என்றார் மீனவர் மனைவியிடம்.

அந்தம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்தது. அவித்து, உரித்து, மிளகு உப்பு தூவி.

"இன்னாம்மா இது?"

"பசின்னுதான கேட்ட சார், பச்சயாவா குடுப்பாங்க? துன்னு. எங்க வூட்டுக்காரர மட்டும் பாத்துக்க."

அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் பச்சை முட்டை கேட்டார், அந்த ஆள்!

அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போனது. குழாய் கக்கத்துக்குப் போனது. டாக்டர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை. பாவம் பார்த்து அந்தம்மா முந்தானையால் விசிறப் போனது.

"விசிறாதம்மா, குஞ்சு குளுந்துடும்."

அழுதுகொண்டிருந்த அந்தம்மாவே சிரித்துவிட்டது.

கடைசியில் மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் குனிந்தார். "மொளச்சிருச்சு சிஸ்டர், டாக்டர கூப்பிடுங்க" என்றார். மெட்ராசிலிருந்து மருந்து ரயிலேறி வந்தது.

சில மாசம் கழித்து அந்த மீனவர் தன் காலால் நடந்துவந்து, லேப் வாசலில் ரெண்டு கையும் கூப்பினார். "நீ குடுத்த உசுரு நைனா."

பதிலுக்குக் கும்பிட அடைக்கோழிக்கு ஒரு கைதான் எழுந்தது. இன்னொரு கைக்கடியில் வேறு யாருக்கோ குழாய்.

இப்போது என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இருந்தாலும் கரண்ட் போகிற அந்த ஒரு நொடியில், மனசு அந்த ஸ்டூலைத்தான் தேடுகிறது.