ஆனியின் ஓட்டமும் உன் கால் வலியும்

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
1948 செப்டம்பர் 12

அம்புரு, என் கண்ணுத் தம்பி,

இங்கே நானும் ஆனியும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும் என்று போடுவது முறை. நீ போய் எட்டு மாதமாகிறது, கல்லறையிலிருந்து தபால் ஒன்றும் வரவில்லை, இருந்தாலும் முறையை விடக்கூடாது என்று போட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. நீ டிரில் மாஸ்டர் என்று பிழை பார்க்காதே.

நீ போனபிறகு என் மகள் ஆனியை விடியலில் கடற்கரைக்கு ஓட அழைத்துப் போகிறவள் நான்தான். தாய்மாமன் செய்ததைத் தாய் செய்யக் கூடாதா? உன் கடிகாரத்தை முதல் நாள் அமுக்க மறந்துவிட்டேன், மறுநாள் நிறுத்த மறந்துவிட்டேன், அன்றைக்கு ஆனி இருநூற்றிருபது கெஜத்தை நாற்பது நிமிஷத்தில் ஓடியிருக்கிறாள். நான் பின்னாலேயே ஓடுவதைப் பார்த்து நொச்சிக்குப்பத்து மீன்காரி ஒருத்தி, "இன்னாம்மே, பொண்ணு எதுனா திருடிக்கினு ஓடுதா?" என்று கேட்டாள். இப்போது எனக்கு முட்டி வலி. நீ அடிக்கடி கால் வலி என்று படுத்துவாயே, அந்தத் தைலம் பாதிப் புட்டி இருந்தது, நானே தேய்த்துக்கொள்கிறேன்.

நீ செய்தபடியே கோயில் காலண்டரில் எத்தனை செகண்டு என்று தினமும் எழுதினேன். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, திடீரென்று மூன்று நாள் முப்பத்தேழு, தண்ணீர்க் குடத்தோடு ஓடுகிறவள் போல. பக்கத்து வீட்டு வெரோனிகா, "கண்ணு பட்டுடுச்சுக்கா" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள், தெருவே தும்மியது. விளக்கெண்ணெய் கொடுத்தேன், பிள்ளை வேகமாகத்தான் ஓடினாள், ஆனால் கடற்கரைப் பக்கம் இல்லை. அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். ஆனி கடைசி. "சோம்பேறி" என்று டிரில் டீச்சர் ஜெயலக்ஷ்மி, ஆனி பேரை அடித்துவிட்டாள். பிள்ளை சோறு தின்னவில்லை. "மாமா இருந்தா ஓட வெச்சிருப்பாரும்மா" என்று ஒரே வார்த்தை.

அப்போதுதான் காலண்டரை நன்றாகப் பார்த்தேன். மாதாமாதம் ஆனி வீட்டுக்குத் தூரமாகும் நாளில் நான் சின்னதாய் ஒரு புள்ளி வைப்பது உண்டு. உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்! புள்ளிக்கு முந்தின இரண்டு நாளும் புள்ளி அன்றும் கால் எழவில்லை. புள்ளி கழிந்த வாரம் பறக்கிறாள். முந்தின தாள்களையும் புரட்டினேன், மூன்று மாதமும் அப்படியே. எல்லாப் பெண்ணுக்கும் இப்படி என்று சொல்லமாட்டேன். வெரோனிகாவின் மகள் எல்லா நாளும் மெதுவாகத்தான் ஓடுகிறாள்.

காலண்டரைச் சுருட்டிக்கொண்டு டீச்சரிடம் போனேன். "இவ சோம்பேறி இல்லீங்க, தேதி அப்படி" என்று விரித்தேன். "ஐயையோ, இதைப் போய் விரிச்சுக் காட்டறேளே!" என்று ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு மெல்ல, "ஓடிண்டிருந்த காலத்துல நேக்கும் இப்படித்தான். யார்ட்டச் சொல்றது?" என்றாள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஓடவிட்டாள். முப்பத்தொன்று! பேர் ஏறிவிட்டது. போன சனிக்கிழமை போட்டியில் இரண்டாவதாக வந்து பீங்கான் கோப்பை வாங்கினாள். முதலில் வந்தவளுக்குக் கால் நீளம், அதற்கு எந்தக் காலண்டரைப் பார்ப்பது?

ஆக, விசிலும் கடிகாரமுமாக இரண்டு வருஷம் பிள்ளையை ஓட்டிய உனக்குத் தெரியாததை உன் அக்கா கண்டுபிடித்தாள். இதைச் சொல்லிக்காட்டத்தான் கடிதம்.

ஆண்டவர் உனக்கு நித்திய இளைப்பாற்றி தரட்டும். நீ இளைப்பாறுகிற ஆள் இல்லை. அங்கேயும் யாரையாவது வரிசையில் நிறுத்தியிருப்பாய்.

உன் அக்கா,
மர்சலின்

எழுதி முடித்தபின்: கோப்பையை வைக்க உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். போன வருஷத்துக் காலண்டர் கிடந்தது. தினமும் செகண்டு எழுதியிருக்கிறாய். மாதத்தில் மூன்று நாள் மட்டும் செகண்டு இல்லை, "எனக்குக் கால் வலி. இன்று நடை மட்டும்" என்று இருக்கிறது. ஆனி பெரியவளான மாதத்திலிருந்து இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு நாள்கூட இல்லை. ஆனியைக் கேட்டேன். "மாமாவுக்குக் கால் வலின்னா எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்மா. நான் ஒண்ணும் சொல்ல வேணாமே" என்றாள். அந்தக் காலுக்குத்தான் நான் நொச்சி இலை வதக்கிக் கட்டினேன், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். உண்மையைச் சொல்லு அம்புரு, உனக்கு ஒரு நாளாவது கால் வலித்ததா?